பொருள்வயிற் பிரிந்த வீரர்: ஜார்ஜ் நேப்பியாவும் இரண்டு ரக்பிகளும்

அகத்திணை இலக்கியத்தில் தலைவன் தலைவியை விட்டுப் பிரிவதற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஓதல், பகை, தூது என்று அவை விரிந்தாலும், பாலைப் பாடல்களில் மிகுதியும் பேசப்படுவது பொருள்வயிற் பிரிவே. பொருள் தேடிச் செல்வதைப் பழந்தமிழ்ப் புலவர்கள் இழிவாகக் கருதவில்லை. இல்லறம் நடக்கவும் இரவலர்க்கு ஈயவும் பொருள் வேண்டும். அதனைத் தேடுவது ஆடவனின் கடன். அதற்கு அவனும் அவளும் சேர்ந்து கொடுக்கும் விலை பிரிவு. தலைவனின் நெஞ்சம் போவதா இருப்பதா என்று தடுமாறும், தோழி இடித்துரைப்பாள், தலைவி மெலிவாள். ஆனால் பொருள் தேடிப் போனான் என்பதற்காகவே திரும்பி வந்தவனை ஊரார் ஒதுக்கி வைத்ததாக நான் படித்த பாடல் எதிலும் இல்லை.

கடல்வழிப் பயணத்தில் பெண்டிரை உடனழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்றும் தொல்காப்பியம் சொல்கிறது. இந்தக் கட்டுரையின் நாயகருக்கு அந்த இலக்கணம் தெரிந்திருக்க வழியில்லை. எனினும் 1935ஆம் ஆண்டின் இறுதியில், மனைவியையும் மக்களையும் பண்ணையில் விட்டுவிட்டு, நியூசிலாந்திலிருந்து லண்டனுக்குக் கப்பலேறினார். அவர் பெயர் ஜார்ஜ் நேப்பியா. மாவோரி இனத்தவர். அப்போது அவருக்கு வயது முப்பது. பத்தாண்டுகளுக்கு முன்னர் அதே இங்கிலாந்தில் நாளிதழ்களால் கொண்டாடப்பட்ட ரக்பி வீரர். இம்முறை ஐந்நூறு பவுண்டு ஒப்பந்தத்தின்பேரில் கூலிக்கு ஆடப் போனார். அந்த வெளிநாட்டு வாழ்க்கை இரண்டாண்டுகள்கூட நீடிக்கவில்லை. ஆயினும் அதற்காக அவர் இழந்தது எது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், ரக்பி என்ற ஆட்டம் இரண்டாகப் பிளந்த கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

ஹடர்ஸ்ஃபீல்டு விடுதியில் ஒரு கூட்டம்

ரக்பி ஆங்கிலேயப் பள்ளிகளில் உருப்பெற்ற ஆட்டம். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம்; காலால் உதைக்கலாம்; ஆனால் கையால் வீசும்போது முன்னால் வீசக்கூடாது. பந்தோடு ஓடுபவரை எதிரணியினர் கட்டிப் பிடித்து வீழ்த்தலாம். எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் அழுத்தினால் அது 'டிரை'. இந்த ஆட்டத்தை நெறிப்படுத்த 1871இல் லண்டனில் ரக்பி கால்பந்து யூனியன் தொடங்கப்பட்டது. அதனை நடத்தியவர்கள் வசதி படைத்த குடும்பங்களில் பிறந்து, உயர்குடிப் பள்ளிகளில் படித்தவர்கள். விளையாட்டு விளையாட்டுக்காகவே ஆடப்பட வேண்டும், அதில் காசு புழங்கக்கூடாது என்பது அவர்களின் கொள்கை.

வட இங்கிலாந்தில் நிலைமை வேறாக இருந்தது. யார்க்‌ஷயரிலும் லங்காஷயரிலும் ரக்பி ஆடியவர்கள் ஆலைத் தொழிலாளர்கள், சுரங்கத் தொழிலாளர்கள். சனிக்கிழமை வெளியூருக்கு ஆடப் போனால் அன்றைய கூலி போய்விடும். காயம் பட்டுவிட்டால் வாரக்கணக்கில் வருமானம் இல்லை. ஆட்டம் பார்க்க வருவோர் தரும் நுழைவுக் கட்டணம் சங்கத்தின் பெட்டியை நிரப்ப, ஆடியவன் வீட்டில் அடுப்பு எரியாத நிலை. இழந்த கூலியை மட்டுமாவது ஈடுசெய்ய அனுமதிக்க வேண்டும் என்ற கோரிக்கை 1893இல் யூனியனின் பொதுக்கூட்டத்தில் வைக்கப்பட்டுத் தோற்கடிக்கப்பட்டது. இரண்டாண்டுகள் கழித்து, 1895 ஆகஸ்ட் 29 அன்று, ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் வடபுலச் சங்கங்கள் கூடின. தனியாகப் பிரிந்து நார்தர்ன் யூனியன் என்ற அமைப்பைத் தொடங்கின. தொடக்கத்தில் அவை கேட்டது பெருந்தொகை ஒன்றுமில்லை. வேலையிழந்த நாளுக்கு ஆறு ஷில்லிங். அதற்கும் ஆட்டக்காரர் முறையான வேறொரு தொழிலில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை.

காலப்போக்கில் இரு தரப்பாரின் விதிகளும் வேறுபட்டன. வடபுலத்தார் 1906இல் அணிக்குப் பதின்மூன்று பேர் என்று குறைத்துக்கொண்டனர். 1922இல் தங்கள் அமைப்புக்கு ரக்பி லீக் என்ற பெயரைச் சூட்டிக்கொண்டனர். பழைய பதினைவர் ஆட்டம் ரக்பி யூனியன் என்று வழங்கலாயிற்று. இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர் எழுந்தது. லீக்கில் காசு வாங்கி ஆடியவர் யூனியனுக்குள் மீண்டும் நுழைய முடியாது. அது ஆயுட்காலத் தடை.

நியூசிலாந்துக்கும் இந்தச் சுவர் வந்து சேர்ந்தது. 1905இல் பிரிட்டனுக்குச் சென்ற நியூசிலாந்து அணியினருக்கு நாளொன்றுக்கு மூன்று ஷில்லிங் கைச்செலவு தரப்பட்டது. அந்தச் சிறு தொகையே பின்னர் ஸ்காட்லாந்து யூனியனின் கண்டனத்துக்கு உள்ளானது. அந்தப் பயணத்தில் ஆட்டங்களுக்குத் திரண்ட கூட்டத்தையும் சேர்ந்த பணத்தையும் கணக்கிட்டுப் பார்த்தவர் வெலிங்டன் அஞ்சல் துறையில் எழுத்தராக இருந்த ஆல்பர்ட் பாஸ்கர்வில் என்ற இளைஞர். லாபத்தை ஆட்டக்காரர்களே பகிர்ந்துகொள்ளும் வகையில் ஓர் அணியைத் திரட்டி 1907இல் வட இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். தேசிய அணி கறுப்பு உடையால் 'ஆல் பிளாக்ஸ்' என்று அழைக்கப்பட, இவர்களைக் காசுக்கு ஆடுபவர்கள் என்று கேலி செய்து 'ஆல் கோல்ட்ஸ்' என்றனர். யூனியன் அவர்களைத் தடை செய்தது. பாஸ்கர்வில் 1908இல், பயணம் முடிந்து திரும்பும் வழியில், பிரிஸ்பேனில் நிமோனியாவால் இறந்தார். வயது இருபத்தைந்து.

கலைக்குப் பொருள் பெறுவது கலையை மாசுபடுத்தும் என்ற எண்ணம் நம் மரபுக்கு அயலானது. பாணரும் பொருநரும் கூத்தரும் பரிசில் பெற்றே வாழ்ந்தனர். பரிசில் பெற்ற ஒருவன் பெறாத மற்றொருவனுக்கு வழிகாட்டுவதையே ஆற்றுப்படை என்று ஓர் இலக்கிய வகையாக ஆக்கினர். தம்மை நேரில் காணாமல் அதியமான் அனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்தது உண்மை. அங்கே அவருக்கு உறுத்தியது மதிப்பின்றித் தரப்பட்ட முறைதான். ஆங்கிலேயக் கனவான்களின் கொள்கையோ பொருளையே குற்றமாக்கியது. பணம் வேண்டாதவர்களால் மட்டுமே காக்கக்கூடிய ஒரு மானம் அது.

தோற்காதவர்களின் கடைசிக் காவல்

நேப்பியா நியூசிலாந்து வடதீவின் கிழக்குக் கரையில் நூஹாக்கா என்ற ஊரைச் சேர்ந்தவர். 1905 ஏப்ரல் 25 என்பதே பொதுவாக ஏற்கப்படும் பிறந்தநாள். மகனை டெ அவுட்டே என்ற புகழ்பெற்ற மாவோரிக் கல்லூரிக்கு அனுப்பத் தந்தை விரும்பினார். மகன் போய்ச் சேர்ந்தது ஹேஸ்டிங்ஸில் மோர்மன் திருச்சபையினர் நடத்திய மாவோரி வேளாண் கல்லூரியில். அங்கிருந்த அமெரிக்க ஆசிரியர் ஒருவரிடமிருந்து, பந்தைச் சுழலவிட்டு நெடுந்தூரம் உதைக்கவும், ஓடிவருபவரைத் தோளால் மோதி வீழ்த்தவும் கற்றார். பின்னாளில் பிரிட்டிஷ் பார்வையாளர்கள் வியந்த இரு திறன்களும் இவையே.

பிறகு ஹாக்ஸ் பே மாகாண அணிக்கு ஆடினார். 1924இல் ஆல் பிளாக்ஸ் அணி பிரிட்டனுக்குப் புறப்பட்டபோது அவருக்குப் பத்தொன்பது வயது. அதுவரை வேறு இடங்களில் ஆடிக்கொண்டிருந்தவரை அந்த ஆண்டின் தேர்வாட்டங்களில்தான் 'ஃபுல்பேக்' இடத்தில் நிறுத்திப் பார்த்தனர். ஃபுல்பேக் என்பவர் அணியின் கடைசிக் காவலர். முன்னால் உள்ள பதினால்வரையும் தாண்டி வரும் எதிரியை அவர் ஒருவரே நிறுத்த வேண்டும். உயரத்திலிருந்து விழும் பந்தைப் பாய்ந்துவரும் எதிரணியினரின் காலடியில் நின்று பிடிக்க வேண்டும். அவர் தவறினால் பின்னால் யாரும் இல்லை.

அந்தப் பயணத்தில் அணி ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. 'தோற்கடிக்க முடியாதவர்கள்' என்ற பெயரோடே அது வரலாற்றில் நிற்கிறது. பிரிட்டன், அயர்லாந்து, பிரான்ஸ் நாடுகளில் ஆடிய 30 ஆட்டங்களிலும், ஒன்றுகூட விடாமல், நேப்பியா ஆடினார். ஆட்டங்களுக்கு இடையே மூன்று நான்கு நாட்களே ஓய்வு கிடைத்த அந்தக் காலத்தில், குளிர்காலச் சேற்றில், மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே இல்லாத விதிகளின்கீழ் இதைச் செய்தார் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். ஆட்டத்துக்கு முன் ஆடப்படும் ஹாக்கா என்ற மாவோரி முழக்க நடனத்தை முன்நின்று நடத்தியவரும் அவரே. 1924 நவம்பர் 29 அன்று ஸ்வான்சீ நகரின் செயின்ட் ஹெலன்ஸ் திடலில் வேல்ஸ் அணியை 19–0 என்று வென்றனர். 1905ஆம் ஆண்டுப் பயணத்தில் ஆல் பிளாக்ஸ் சந்தித்த ஒரே தோல்வி வேல்ஸிடம் என்பதால், அந்த வெற்றிக்கு நியூசிலாந்தில் தனி மதிப்பு இருந்தது. 1925 ஜனவரி 3 அன்று லண்டன் ட்விக்கனம் திடலில் இங்கிலாந்தை எதிர்த்து ஆடியபோது, தொடக்கத்திலேயே சிரில் பிரௌன்லி வெளியேற்றப்பட்டார். பதினால்வராக நின்று 17–11 என்று வென்றனர்.

ஊர் திரும்பியவருக்குக் கிடைத்தவை வரவேற்பும் புகழும். கைக்கு வந்த பொருள் என்று ஒன்றுமில்லை. இது அன்றைய விதி. யாரும் அதை அநீதி என்று நினைக்கவில்லை. அவரும் நினைத்திருப்பார் என்று சொல்ல ஆதாரம் இல்லை. கிழக்குக் கரையின் ரங்கிட்டுகியா என்ற ஊரில் கோஹெரே குடும்பத்துப் பெண்ணான ஹுயிங்காவை மணந்து, அங்கேயே பண்ணைத் தொழிலில் இறங்கினார்.

முதல் விலக்கு

1928இல் ஆல் பிளாக்ஸ் அணி தென்னாப்பிரிக்காவுக்குப் பயணம் சென்றது. அந்நாளில் உலக ரக்பியின் உச்சப் போட்டி அதுவே. நேப்பியா அந்த அணியில் இல்லை. மாவோரிகள் ஒருவருமே இல்லை.

இதற்கு முன்கதை ஒன்று உண்டு. 1921இல் தென்னாப்பிரிக்க அணி நியூசிலாந்துக்கு வந்து, நேப்பியர் நகரில் மாவோரி அணியோடு ஆடி 9–8 என்று மயிரிழையில் வென்றது. அந்த ஆட்டத்தைப் பற்றித் தென்னாப்பிரிக்கச் செய்தியாளர் ஒருவர் தம் நாட்டுக்கு அனுப்பிய தந்தி வெளியே கசிந்தது. வெள்ளைப் பார்வையாளர்கள் தம் இனத்தவருக்கு எதிராக மாவோரிகளை ஆர்ப்பரித்து ஊக்கியது அருவருப்பாக இருந்தது என்பது அதன் சாரம். நியூசிலாந்து யூனியன் அந்த மனப்பான்மையைக் கண்டித்து விலகவில்லை. 1928இல் விருந்தளிப்பவரின் மனம் கோணாதபடி மாவோரிகளை வீட்டிலேயே விட்டுவிட்டு அணியை அனுப்பியது. தோற்காத அணியின் கடைசிக் காவலர், தம் வலிமையின் உச்சத்தில் இருபத்து மூன்று வயதில், தம் நாட்டு அணி கப்பலேறுவதை வேடிக்கை பார்த்தார். தொடர் 2–2 என்று சமனில் முடிந்தது.

இதனைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பணம் வாங்காமல் ஆடுவதே மானம் என்று போதித்த அமைப்பு எது? 1928இல் அவரை நிறத்துக்காக விலக்கிய அதே அமைப்புதான். தன் பக்கத்து ஒப்பந்தத்தை அது முதலில் முறித்துவிட்டது. நேப்பியா முறிக்கவில்லை. 1930இல் பிரிட்டிஷ் லயன்ஸ் அணி நியூசிலாந்துக்கு வந்தபோது நான்கு டெஸ்ட் ஆட்டங்களிலும் ஆடினார். முதல் ஆட்டத்தில் தோற்ற நியூசிலாந்து அடுத்த மூன்றையும் வென்றது. மொத்தத்தில் ஆல் பிளாக்ஸுக்காக அவர் ஆடியவை 46 ஆட்டங்கள். அவற்றுள் 9 டெஸ்ட்.

ஐந்நூறு பவுண்டு

அதன் பிறகு உலகப் பொருளாதாரப் பெருமந்தம் நியூசிலாந்தைத் தாக்கியது. வெண்ணெய், இறைச்சி, கம்பளி ஆகியவற்றைப் பிரிட்டனுக்கு ஏற்றுமதி செய்து பிழைத்த நாடு அது. லண்டன் சந்தையில் விலை விழுந்தால் ரங்கிட்டுகியாவில் பண்ணை வீழும். கடன் வாங்கி நடத்தப்பட்ட சிறு பண்ணைகள் தவணை கட்ட வழியின்றித் தத்தளித்தன. கூலி வேலைக்கும் பஞ்சம். நேப்பியாவின் குடும்பமும் இந்தச் சுழலில் சிக்கியது.

1935–36இல் ஆல் பிளாக்ஸ் மீண்டும் பிரிட்டனுக்குப் போகவிருந்தது. அதில் இடம் கிடைக்கும் என்று அவர் நம்பினார். கிடைக்கவில்லை. அந்த நேரத்தில்தான் லண்டனிலிருந்து அழைப்பு வந்தது.

அழைத்தவர்களின் கதையும் விந்தையானது. நாய்ப் பந்தயத் திடல்களை நடத்திவந்த சிட்னி பார்க்ஸ் என்ற வணிகர், தென் லண்டனில் ஸ்ட்ரெத்தம் அண்ட் மிட்சம் என்ற பெயரில் 1935இல் ஒரு ரக்பி லீக் சங்கத்தைத் தொடங்கினார். வடபுலத்துத் தொழிலாளர்களின் ஆட்டத்தை லண்டனில் விற்க முடியும் என்பது அவர் கணக்கு. அதற்கு ஊரறிந்த பெயர் ஒன்று தேவை. ஆங்கிலேயர் மறக்காத பெயர்களுள் ஒன்று நேப்பியா. ஐந்நூறு பவுண்டு என்பது அன்றைய ஆங்கிலத் தொழிலாளி ஒருவரின் ஏறத்தாழ மூன்றாண்டுக் கூலி. கடனில் நின்ற ஒரு பண்ணையாளருக்கு அது எப்படிப்பட்ட தொகை என்பதை விளக்க வேண்டியதில்லை.

கையெழுத்திட்ட கணத்திலேயே யூனியன் ரக்பியின் கதவு அவருக்கு மூடியது. அது தெரிந்தேதான் கையெழுத்திட்டார்.

அந்தக் குளிர்காலத்தின் காட்சியைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம். ஆல் பிளாக்ஸ் அணி பிரிட்டனெங்கும் சுற்றிக்கொண்டிருந்தது. 1936 ஜனவரி 4 அன்று ட்விக்கனத்தில் இங்கிலாந்திடம் 13–0 என்று தோற்றது. அதே பருவத்தில், அதே நகரத்தின் தென்கோடியில், அவர்களில் எவரும் ஒரே களத்தில் உடன் நிற்க முடியாதவராக நேப்பியா வேறொரு ரக்பியை ஆடிக்கொண்டிருந்தார். ஆட்டம் புதிது, பழைய பதினைவர் ஆட்டத்தில் கோட்டுக்கு வெளியே போன பந்தை இரு வரிசைகளுக்கு நடுவே எறிந்து தொடங்கும் முறை லீக்கில் இல்லை, ஆட்களும் இருவர் குறைவு. கடைசிக் காவலரின் வேலை மட்டும் மாறவில்லை. உதைத்த பந்தைப் பிடிப்பதும் திருப்பி உதைப்பதும் ஓடிவருபவரை வீழ்த்துவதும் அங்கேயும் தேவைப்பட்டன. அவர் பெயருக்காகவே கூட்டம் வந்தது. 1936இல் டெக்கா நிறுவனத்துக்காக ஒரு பாடலையும் அவர் லண்டனில் பாடி இசைத்தட்டாக வெளியிட்டார். 'மாவோரி நிலவின் கீழே' என்று பொருள்படும் தலைப்பு அதற்கு. இவரைப் போன்றோர் அந்த நகரத்துக்கு வெறும் ஆட்டக்காரர்களாக மட்டும் தெரியவில்லை என்பதை அது காட்டுகிறது.

பார்க்ஸின் கணக்கு பொய்த்தது. லண்டனில் ரக்பி லீக் வேரூன்றவில்லை. 1936–37 பருவத்தின் நடுவிலேயே சங்கம் கலைந்தது. நேப்பியா யார்க்‌ஷயரின் ஹாலிஃபாக்ஸ் சங்கத்துக்கு மாற்றப்பட்டார். கம்பளி ஆலைகளின் ஊர் அது. 1895இல் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய சங்கங்களுள் ஒன்று. ஆறு ஷில்லிங் கேட்டு வெளியேறியவர்களின் ஊருக்கே, நாற்பதாண்டுகள் கழித்து, உலகின் மறுகோடியிலிருந்து ஒரு பண்ணையாளர் அதே காரணத்துக்காக வந்து சேர்ந்தார்.

திரும்பியவர்

1937இல் நியூசிலாந்துக்குத் திரும்பினார். யூனியன் ஆட்டத்தில் இடமில்லை என்பதால் ஆக்லாந்தில் மனுகாவ் என்ற லீக் சங்கத்துக்கு ஆடினார். அந்த ஆண்டு ஆஸ்திரேலிய லீக் அணி அங்கு வந்தது. மாவோரி லீக் அணி அதனை 16–5 என்று வென்றபோது நேப்பியா அணியில் இருந்தார். நியூசிலாந்து லீக் அணி 16–15 என்று வென்ற டெஸ்ட் ஆட்டத்திலும் இருந்தார். யூனியன், லீக் என்ற இரண்டு ஆட்டங்களிலும் நாட்டுக்காக ஆடியவர் என்ற பெயர் இப்படி வந்தது. முப்பத்திரண்டு வயதில், ஒரு கதவு மூடியபின் மற்றொன்றில் அடைந்த உயரம் அது.

பின்னர் பண்ணைக்கே திரும்பினார். போர் வந்தது. போருக்குப் பின் நியூசிலாந்து யூனியன் லீக் ஆடியவர்களுக்குப் பொதுமன்னிப்பு வழங்கியது. 'மன்னிப்பு' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். குடும்பத்தைக் காக்கக் கூலி வாங்கியவர் குற்றவாளி, விலக்கியவர் மன்னிப்பவர். 1947இல் நேப்பியா மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார். நாற்பத்திரண்டு வயதில் ஈஸ்ட் கோஸ்ட் மாகாண அணிக்கு ஆடக் களமிறங்கினார்.

அதற்கு மூன்றாண்டுகள் கழித்து நிகழ்ந்ததை நியூசிலாந்து ரக்பி ரசிகர்கள் இன்றும் சொல்வதுண்டு. 1950இல் கிஸ்பர்ன் நகரில் ஒலிம்பியன்ஸ் என்ற அணிக்கும் பாவர்ட்டி பே மாகாண அணிக்கும் முதல்தர ஆட்டம் ஒன்று நடந்தது. ஒலிம்பியன்ஸ் அணியின் தலைவர் ஜார்ஜ் நேப்பியா, வயது 45. எதிரணியின் தலைவர் பெயரும் ஜார்ஜ் நேப்பியாதான். அவர் மூத்தவரின் மகன். தந்தையும் மகனும் எதிரெதிர் அணிகளில் நின்று ஆடிய முதல்தர ஆட்டம் நியூசிலாந்தில் வேறில்லை. 1935இல் கப்பலேறியபோது விட்டுச் சென்ற பிள்ளைகளுள் ஒருவர் அந்த மகன். பொதுமன்னிப்பு வந்திராவிட்டால், ஒரே களத்தில் அவரோடு நிற்கும் உரிமைகூடத் தந்தைக்கு இருந்திராது.

1963இல் டெரி மக்லீன் என்ற விளையாட்டு எழுத்தாளரோடு சேர்ந்து 'நான், ஜார்ஜ் நேப்பியா' என்று பொருள்படும் தலைப்பில் தன்வரலாறு எழுதினார். 1982இல் மாவோரி அணி வேல்ஸுக்குப் பயணம் சென்றபோது அவரும் உடன் சென்றார். 58 ஆண்டுகளுக்கு முன் ஆடிய அதே செயின்ட் ஹெலன்ஸ் திடலில் அவரை அறிமுகப்படுத்தியபோது கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அவர் ஆடியதைக் கண்ணால் கண்டவர்கள் அந்தக் கூட்டத்தில் மிகச் சிலரே இருந்திருப்பர். மற்றவர்கள் தம் தந்தையரும் பாட்டன்மாரும் சொல்லக் கேட்டவர்கள். 1986 ஆகஸ்ட் 27 அன்று ருவாட்டோரியாவில் நேப்பியா காலமானார். ரங்கிட்டுகியாவில், அவருக்கு முன்பே மறைந்துவிட்ட ஹுயிங்காவின் அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

எஞ்சுவது

1995 ஆகஸ்ட் 26 அன்று பாரிஸில் கூடிய பன்னாட்டு ரக்பி வாரியம், யூனியன் ஆட்டத்தில் இனிப் பணம் வாங்கலாம் என்று அறிவித்தது. ஜார்ஜ் ஹோட்டல் கூட்டத்துக்கு நூறாண்டு நிறைய மூன்று நாட்களே இருந்தன. அன்றுமுதல் நியூசிலாந்து வீரர் ஒருவர் வெளிநாடு சென்று ஆடுவது இயல்பான தொழில் முடிவாகிவிட்டது. 2015 உலகக் கோப்பையை வென்று கொடுத்த டான் கார்ட்டர், அது முடிந்ததும் பிரான்சின் ரேசிங் 92 சங்கத்துக்குச் சென்றார். நாடே வாழ்த்தி அனுப்பியது. நேப்பியா செய்ததும் அதுவே. இடையில் மாறியது விதி மட்டும்தான். கூலி பெறுவது இழிவு என்பது இயற்கை நியதி போலப் பேசப்பட்டது. ஒரு பிற்பகலில் ஒரு கூட்டத்தில் அது இல்லாமற்போயிற்று.

இன விலக்கின் கதை முடிய அதைவிட நெடுங்காலம் ஆயிற்று. 1949இலும் 1960இலும் மாவோரிகள் இல்லாத அணிகளே தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றன. 1960இல் 'மாவோரி இல்லையேல் பயணம் இல்லை' என்று ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட பின்னும் அணி புறப்பட்டுப் போனது. 1970இல் முதன்முறையாக மாவோரி வீரர்கள் அங்கே சென்று ஆடியபோது, 'மதிப்புறு வெள்ளையர்' என்ற விசித்திரமான தகுதி அவர்களுக்கு வழங்கப்பட்டது. 2010 மே மாதத்தில்தான் நியூசிலாந்து யூனியன், விலக்கப்பட்ட மாவோரி வீரர்களிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும் மன்னிப்புக் கேட்டது. தென்னாப்பிரிக்க யூனியனும் கேட்டது. நேப்பியா இறந்து அப்போது ஏறத்தாழ இருபத்துநான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்த மன்னிப்பு தென்னாப்பிரிக்கப் பயணங்களைப் பற்றியது. பண்ணைக் கடனுக்காகவும் பிள்ளைகளின் உணவுக்காகவும் கூலிக்கு ஆடி, அதனால் ஆட்டத்தைவிட்டே விலக்கப்பட்டவர்கள் அதில் சேரவில்லை. வேல்ஸின் சுரங்கக் கிராமங்களிலிருந்தும் நியூசிலாந்தின் பண்ணைகளிலிருந்தும் வட இங்கிலாந்துக்குப் போன எத்தனையோ பேர் பொதுமன்னிப்பும் பெறாமல், எழுந்து நின்று கைதட்டும் கூட்டத்தையும் காணாமல் மறைந்தார்கள். நேப்பியாவின் பெயர் நமக்குக் கிடைத்திருப்பது அவர் 1924இல் முப்பது ஆட்டங்களையும் ஆடியவர் என்பதால். அந்தப் புகழ் இல்லாதவர்களின் பெயர்களைப் பழைய சங்கங்களின் சம்பளப் பதிவேடுகளில்தான் தேட வேண்டும்.